‘சி.எஸ்.டி.’ என்று எழுதும் முன்

கேள்வி: மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருக்கிறேன். பொது மருத்துவப் பிரிவுக்கு வந்து பத்து நாளாகிறது. எங்கள் யூனிட்டில் ஆண்கள் வார்டில் மட்டும் 38 பேர். காலை ஏழேகாலுக்கு வந்துவிடுகிறேன். ஒன்பதுக்கு, யூனிட்டின் தலைமை மருத்துவரான சீஃப் வரும் ரவுண்ட்ஸ். அதற்குள் எல்லோரையும் பார்த்து நோட்ஸ் எழுத வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு ‘சி.எஸ்.டி.’, அதாவது ‘கன்டின்யூ சேம் ட்ரீட்மென்ட்’ என்றுதான் எழுத முடிகிறது. நேற்று சீஃப் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டிக் காட்டி, “மூணு நாளா இதே மூணு எழுத்து. இவரை யாருப்பா பார்த்தது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. காலையில் எதைப் பார்ப்பது, அதை எப்படிச் சொல்வது, ரவுண்ட்ஸுக்குப் பிறகு வேலைகள் விட்டுப்போகாமல் எப்படி முடிப்பது?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

‘சி.எஸ்.டி.’ எழுதுவதில் தவறில்லை. சில நாள் அதே சிகிச்சையைத் தொடர்வதுதான் சரியான முடிவாக இருக்கும். ஆனால் அந்த முடிவுக்கு வர, நேற்றைக்கும் இன்றைக்கும் நோயாளியிடம் என்ன மாறியிருக்கிறது என்று ஒருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மூன்று நாளும் அதே மூன்று எழுத்து இருந்தால், பார்த்தார்களா என்பதே படிக்கிறவருக்குத் தெரியாது. காலை ரவுண்ட்ஸில் ஹவுஸ் சர்ஜனின் வேலை அந்த மாற்றத்தைத் தேடிப் பிடிப்பதுதான். மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பி.ஜி.யும் (மேற்படிப்பு டாக்டர்) ஏ.பி.யும் (உதவிப் பேராசிரியர்) சீஃபும் முடிவு செய்துகொள்வார்கள். மாற்றத்தை நீங்கள் பிடிக்கவில்லையென்றால், முடிவு செய்ய அவர்கள் கையில் எதுவும் இருக்காது.

105 நிமிடம்

ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை உங்களிடம் இருப்பது 105 நிமிடம். 38 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டே முக்கால் நிமிடம் வரும். மோசமாக இருப்பவருக்கு அது போதாது. நாளை வீட்டுக்குப் போகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை. பெட் நம்பர் வரிசையில் போனாலோ, 34-ஆம் பெட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரை எட்டே முக்காலுக்குத்தான் பார்ப்பீர்கள்.

முதல் ஐந்து நிமிடத்தை இரவு ட்யூட்டி சிஸ்டருக்குக் கொடுங்கள், அவர் சார்ஜ் கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்குள். மூன்று கேள்வி போதும்: ராத்திரி யாரைப் பார்க்க டாக்டரைக் கூப்பிட்டீர்கள்? எந்த மருந்தைக் கொடுக்க முடியவில்லை, ஸ்டாக் இல்லையா, கையில் குத்திய வென்ஃப்ளான் ஊசிக்குழாய் கழன்றுவிட்டதா? உங்களுக்கு யார் விஷயத்தில் மனசு சரியில்லை? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அலட்சியம் செய்யாதீர்கள். “என்னன்னு சொல்லத் தெரியல டாக்டர், அந்த 22 சரியில்ல” என்று அனுபவமுள்ள சிஸ்டர் சொன்னால், 22-தான் உங்கள் முதல் பெட்.

அடுத்து 38 பேரை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். ஆறு பேரைப் பற்றி நிஜமாகவே பயப்பட வேண்டியிருக்கும். இரவு அட்மிஷனானவர்கள், ஆக்சிஜனில் இருப்பவர்கள், விஷம் குடித்தவர், பாம்புக்கடி, ஐ.எம்.சி.யூ. என்ற தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேற்று வார்டுக்கு மாற்றப்பட்டவர், திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறவர், நேற்றுதான் காய்ச்சல் விட்ட டெங்கு நோயாளி ஆகியோர் இந்தக் கூட்டத்தில் வருவார்கள். இவர்களுக்கு ஆளுக்கு ஏழு நிமிடம். நடுவில் இருக்கும் இருபது பேருக்கு இரண்டு நிமிடம் வீதம். தேறிவிட்ட பன்னிரண்டு பேருக்கு ஒன்றரை நிமிடம் வீதம். கூட்டிப் பாருங்கள், சிஸ்டரோடு பேசிய ஐந்து நிமிடத்தையும் சேர்த்து 105 வரும். எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் மாறும், பிரிக்கும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

விட்டுப்போகிறவர்கள் யாரென்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பாய் போட்டுத் தரையில் படுத்திருப்பவருக்குப் பெட் நம்பர் கிடையாது, அதனால் எவருடைய லிஸ்ட்டிலும் இருக்க மாட்டார். அட்மிஷன் நாளில் இடமில்லாமல் வேறு வார்டுக்குப் போன உங்கள் யூனிட் நோயாளி, ஸ்கேனுக்கோ டயாலிசிஸுக்கோ போயிருப்பவர், டீ குடிக்கக் கீழே இறங்கியவர், இவர்கள் பெயருக்கு நேரே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அவர்களைப் பார்த்து வட்டத்தை அடிக்காமல் அன்றைய ரவுண்ட்ஸை முடித்ததாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. ரவுண்ட்ஸ் நேரம் என்றதும் செக்யூரிட்டி வந்து அட்டெண்டர்களை, அதாவது நோயாளிகளின் கூட இருப்பவர்களை, வெளியே அனுப்பிவிடுவார். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். கை கால் வெட்டி இழுத்ததா, எத்தனை முறை வாந்தி, கறுப்பாக மலம் போனதா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சீஃப் வருவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

கட்டில் காலடியில் அரை நிமிடம்

ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன் கட்டிலின் கால் பக்கம் நின்று முப்பது வினாடி சும்மா பாருங்கள். நேற்று ஒரு தலையணையில் படுத்தவர் இன்று மூன்று வைத்திருக்கிறாரா? இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறதா? ஆக்சிஜன் மாஸ்க் மூக்கில் இருக்கிறதா, நெற்றியில் இருக்கிறதா? ட்யூபின் மறுமுனை நிஜமாகவே ஃப்ளோமீட்டரில் மாட்டியிருக்கிறதா, குண்டு எந்த எண்ணில் நிற்கிறது? யூரின் பேக்கில் எவ்வளவு, என்ன நிறம்? பேக் தரையில் கிடக்கிறதா? ராத்திரி எட்டு மணிக்குப் போட்ட பாட்டில் காலையிலும் பாதியிலேயே நின்றால், அவருக்கு மருந்தே ஏறவில்லை என்று அர்த்தம். தலையணைக்கு அடியிலும் ஒரு தடவை பாருங்கள். நேற்றைய மாத்திரைகள் அங்கே இருக்கும்.

பிறகு மூச்சை எண்ணுங்கள். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கே மாறிவிடும். டி.பி.ஆர். (வெப்பம், நாடி, மூச்சு) சார்ட்டில் வார்டு முழுக்க 20, 20, 20 என்று இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே வேகத்தில் மூச்சு விட மாட்டார்கள். எவரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். ஒரு நோயாளியின் நிலை மோசமாகும்போது பெரும்பாலும் பிபி இறங்குவதற்கு முன்னால் மூச்சு ஏறும். நேற்று 18, இன்று 26 என்றால் மற்ற எல்லாம் நார்மலாக இருந்தாலும் அவர் முதல் கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியதும் வரும் எண்ணை எழுதிவிடாதீர்கள். கை சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சோ கறுப்பு மருதாணியோ இருந்தாலும் தப்பாகக் காட்டும். அலை ஒழுங்காக வந்த பிறகு எழுதுங்கள். நாள்பட்ட புகைப்பிடிப்பு நுரையீரல் நோயாளிக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 99 பார்த்துச் சந்தோஷப்பட்டு ஆக்சிஜனை அப்படியே விட்டால் கரியமில வாயு தேங்கி, மதியத்துக்குள் எழுப்பினாலும் எழாமல் தூங்குவார்.

படுத்தே கிடப்பவருக்குப் பாத வீக்கம் இல்லையென்று எழுதுவதில் பயனில்லை. நீர் முதுகின் அடிப்பகுதியில் சேர்ந்திருக்கும். ஒருக்களிக்க வைத்து, வால் எலும்புக்கு மேல் அழுத்திப் பாருங்கள். அதே புரட்டலில் படுக்கைப் புண் ஆரம்பிக்கிறதா என்பதும் தெரியும், முதுகுப் பக்கம் நுரையீரல் அடிப்பகுதியையும் கேட்டுவிடலாம். ஒரே தடவை புரட்டி மூன்று வேலையையும் முடியுங்கள், அவருக்கும் வலி குறையும்.

வென்ஃப்ளான் போட்ட இடத்தைப் பிளாஸ்திரியோடு பார்க்காதீர்கள், தொட்டுப் பாருங்கள். சிவப்பு, வலி, கயிறு மாதிரி நரம்பு தடித்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். சிறுநீர் போகக் கதீட்டர் குழாய் இருப்பவர் விஷயத்தில் தினமும் ஒரே கேள்வி: இன்றைக்கும் இது வேண்டுமா? வைத்தது மறந்துபோய்ப் பத்து நாள் கிடக்கும் கதீட்டரில் கிருமி வருவது நாம் கொடுத்த நோய்.

ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் சானிடைசர். கை முழுக்கப் படும்படி இருபது முதல் முப்பது வினாடி. பேதி நோயாளியைப் பார்த்த பிறகு மட்டும் சோப்பும் தண்ணீரும்தான். ஸ்டெதஸ்கோப்பின் வட்டையும் துடையுங்கள்.

“பரவாயில்ல டாக்டர்”

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் முக்கால்வாசி வரும் பதில் இதுதான். பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதையில் சொல்வது. அதை ‘நோயாளி நலம்’ என்று எழுதிவிடாதீர்கள். “நேத்துக்கு இன்னிக்கு எப்படிங்க, தேவலையா, அப்படியேதானா, கூடுதலா?” என்று மூன்றைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வேலை சம்பந்தமாகக் கேளுங்கள்: “பாத்ரூம் வரைக்கும் நேத்து நடந்தீங்களே, இன்னிக்கு நடந்தீங்களா? நடுவுல நின்னீங்களா?”

நம் மொழியில் சில சொற்கள் பல வியாதிகளை மறைத்துக்கொண்டு வரும். ‘மயக்கம்’ என்று ஒருவர் சொன்னால் அது தலை சுற்றலாக இருக்கலாம், கண் இருட்டலாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், நினைவே தப்பியிருக்கலாம், வெறும் அசதியாகவும் இருக்கலாம். “சுத்துதா, இருட்டிக்கிட்டு வருதா, கீழ விழுந்தீங்களா?” என்று பிரித்துக் கேளுங்கள். எழுந்ததும் வருகிறது என்றால் படுக்கவைத்து ஒரு பிபி, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு பிபி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் தேட வேண்டும். நீர் போகும் மாத்திரை, வயிற்றில் ரத்தக்கசிவு இரண்டையும் முதலில் நினையுங்கள். ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று ஐம்பது வயது சர்க்கரை நோயாளி சொன்னால், ஈ.சி.ஜி. எடுக்கும் வரை அதை வாயு என்று நம்ப வேண்டாம்.

‘அப்படியே தொடரட்டும்’ ஆபத்தாகும் மூன்று இடங்கள்

டெங்குவை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ‘காய்ச்சல் இல்லை, சி.எஸ்.டி.’ என்ற வரி மிக அதிகமாக எழுதப்படுகிறது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். அவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், மேல் எண் 100 இருக்கும். கீழ் எண்ணைப் பாருங்கள். 100/80 என்றால் இடைவெளி 20, அது ஷாக். கை கால் சில்லிட்டிருக்கும். ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 40-லிருந்து 48-க்குப் போயிருந்தால் இருபது சதவீதம் ஏறியிருக்கிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது எல்லாம் எச்சரிக்கை. குடும்பத்தார் பிளேட்லெட் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் கண் பிபி இடைவெளியிலும் ஹெமட்டோக்ரிட்டிலும் சிறுநீரிலும் இருக்கட்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். கண்டம் தாண்டியதும் வெளியே கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போது ஹெமட்டோக்ரிட் இறங்கும், பசி எடுக்கும், சிறுநீர் நன்றாகப் போகும். அந்த நேரத்தில் நேற்றைய டிரிப்பை ‘சி.எஸ்.டி.’ என்று ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். நோயிலிருந்து பிழைத்தவர் நாம் ஏற்றிய சலைனால் மூச்சுத் திணறுவார். எழுதும்போது இப்படி எழுதுங்கள்: “டெங்கு 6-ஆம் நாள், காய்ச்சல் விட்டு 48 மணி. பிபி 110/70, ஹெமட்டோக்ரிட் 46-லிருந்து 40. சிறுநீர் நன்றாகப் போகிறது, சாப்பிடுகிறார். ஐ.வி. நிறுத்தவும். மதியம் 2 மணிக்கு ஹெமட்டோக்ரிட். மூச்சு 24-க்கு மேல் போனால் அழைக்கவும்.” மதியம் ட்யூட்டிக்கு வருகிற டாக்டருக்கு இந்த வரிகள் போதும்.

இரண்டாவது, பூச்சிமருந்து குடித்தவர். ஆர்கனோபாஸ்பேட் விஷத்தில் முதல் நாள் அட்ரோபின் என்ற முறிமருந்தைப் போட்டுத் தேறிவிட்டவர், 24 முதல் 96 மணி நேரத்துக்குள் தசை பலமிழந்து மூச்சு நின்றுபோகலாம். முதலில் போவது கழுத்துத் தசை. தினமும் காலை, மதியம், மாலை ஒரே சோதனை: “தலகாணிய விட்டுத் தலையத் தூக்குங்க.” தூக்கி ஐந்து வினாடி நிறுத்த முடிகிறதா? பிறகு ஆழமாக மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணச் சொல்லுங்கள். நேற்று 28 வரை எண்ணியவர் இன்று 15-இல் நின்றால், ஆக்சிமீட்டரில் 98 இருந்தாலும் பி.ஜி.யை ஓடிப்போய்க் கூப்பிடுங்கள். ஆக்சிஜன் அளவு இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். எண்ணிக்கையைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். நேற்றைய எண் இல்லாமல் இன்றைய எண்ணுக்கு மதிப்புக் குறைவு. அட்ரோபின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு கவனம்: உடம்பு கொதிக்கிறது, துணியைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறார், வயிறு உப்பிக் குடல் ஓசை இல்லை, சிறுநீர் அடைத்திருக்கிறது என்றால் மருந்து அதிகமாகிவிட்டது. அங்கே ‘சி.எஸ்.டி.’ எழுதினால் விஷத்தோடு அட்ரோபினும் சேர்ந்து அவரை வாட்டும்.

மூன்றாவது, கண்ணாடி விரியன் கடித்தவர். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனையை விஷமுறிவு மருந்து போட்டு ஆறு மணி நேரத்தில் திரும்பச் செய்ய வேண்டும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மி.லி. ரத்தம். இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயில் செய்தாலும், சோப்புப் பவுடரில் கழுவிய குழாயில் செய்தாலும், நடுநடுவே ஆட்டிப் பார்த்தாலும் உறையாத மாதிரி தோன்றி வீணாக மருந்து ஏற்றுவோம். ரத்தம் உறையத் தொடங்கிவிட்டது என்றதும் ஆட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்து சிறுநீரகம். அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லி.யாவது போக வேண்டும்.

சார்ட்டும் சிரிஞ்சும்

இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் பெரும்பாலும் இன்டேக் மட்டுமே உண்மை. நடக்க முடிந்தவர் பாத்ரூமுக்குப் போய்விடுவார், அதை எவரும் அளக்க மாட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, 250, 500, 750 என்று மார்க்கரில் கோடு போட்டு அட்டெண்டரிடம் கொடுங்கள். “ஒண்ணுக்குப் போறதெல்லாம் இதுல. கொட்டுறதுக்கு முன்ன எந்தக் கோடுன்னு எழுதி வையுங்க.” இதயச் செயலிழப்பு நோயாளிக்கு இதைவிட நம்பகமானது எடை: தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே மெஷினில்.

ட்ரக் சார்ட்டை நேற்றைய பக்கத்திலிருந்து அப்படியே காப்பி பண்ணாதீர்கள். ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்குக்கும் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று கேளுங்கள். கிரியேட்டினின் ஏறியவருக்கு, அதாவது சிறுநீரகம் சுணங்கியவருக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அமிகாசின் ஓடுகிறதா என்று பாருங்கள். இட்லி சாப்பிடுகிறவருக்கு ஏழாம் நாளும் வயிற்று அமிலத்துக்கான பான்டாப்ரசோல் ஊசியாகப் போவதை நிறுத்த ஒரு வாய் திறந்தால் போதும், ஆனால் அந்த வாய் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜனுடையதாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது. ‘யூனிட்’ என்பதற்கு ஆங்கில ‘யூ’ எழுத்தை மட்டும் போடாதீர்கள். அவசரத்தில் எழுதிய 4-க்குப் பக்கத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 40 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதுங்கள். அடுத்தது சிரிஞ்ச். நம் அரசு மருத்துவமனைகளில் வரும் குப்பிகள் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். வெளியே வாங்கிவரும் சில குப்பிகளும் பேனாக்களும் மி.லி.க்கு 100; அந்தக் குப்பிகளுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘10’ வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். 40 குப்பியை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் 10-க்குப் பதில் 4 மட்டுமே போகும். நாமோ ‘சர்க்கரை கட்டுப்படவில்லை’ என்று டோஸை ஏற்றிக்கொண்டே இருப்போம். சர்க்கரை காரணமில்லாமல் ஏறினாலோ இறங்கினாலோ டோஸை மாற்றும் முன் குப்பியையும் சிரிஞ்சையும் கையில் வாங்கிப் பாருங்கள். ஊசி போட்டது எத்தனை மணிக்கு, சாப்பாடு வந்தது எத்தனை மணிக்கு என்றும் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை எண்களையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். டிரிப் ஓடும் கையில், ஊசிக்கு மேல்பக்கம் ரத்தம் எடுத்தால், டெக்ஸ்ட்ரோஸ் கலந்து சர்க்கரை 600 என்று வரும். ஊதா மூடிக் குழாயில் விட்ட ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றி ஊற்றினால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். ஆனாலும் பொட்டாசியம் 6.5 என்று ரிப்போர்ட் வந்தால் ‘குழாய் தப்பு’ என்று ஒதுக்காமல் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள், சீனியரிடம் சொல்லுங்கள், அதன் பிறகு திரும்ப ரத்தம் எடுங்கள்.

சீஃப் முன்னால் நாற்பது வினாடி

“14-ஆம் பெட், சுகர் பேஷண்ட், கால் புண், அப்படியேதான் இருக்கார் சார்” என்பதைக் கேட்டு எந்தச் சீஃபாலும் எதையும் முடிவு செய்ய முடியாது. அதே நோயாளியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“14-ஆம் பெட் சார். 58 வயது, பத்து வருடமாக டயாபடிக். வலது கால் செல்லுலைட்டிஸ், இன்று நான்காம் நாள், பைப்பராசிலின்-டாசோபாக்டமும் நான்காம் நாள். நேற்று மாலையிலிருந்து காய்ச்சல் இல்லை. பல்ஸ் 84, பிபி 130/80, மூச்சு 18. சிவப்பு, நேற்று பேனாவில் போட்ட கோட்டுக்கு ரெண்டு விரல் உள்ளே வந்துவிட்டது. கிரியேட்டினின் 1.8-லிருந்து 1.4. காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 212, மூன்று நாளாக 200-க்கு மேல். அதிகாலை 3 மணிக்கு 190, இறங்கவில்லை. கல்ச்சர் வரவில்லை, ரவுண்ட்ஸ் முடிந்ததும் மைக்ரோபயாலஜியில் போய்க் கேட்கிறேன். இரவு இன்சுலினை 10-லிருந்து 12 யூனிட் ஆக்கலாமா சார்?”

யார், எத்தனையாவது நாள், நேற்றிலிருந்து என்ன மாறியது, எண்கள், எது பாக்கி, நான் என்ன நினைக்கிறேன் என்ற வரிசை இது. கேஸ் ஷீட்டிலும் இதே வரிசைதான். நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, திட்டம் என்ற நான்கு பிரிவு நோட்ஸ், அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-இல் முன்வைத்த, பிரச்சினைகளை மையமாக வைத்து எழுதும் முறையிலிருந்து வந்தது. அவர் வலியுறுத்தியது ஒவ்வொரு பிரச்சினைக்கும் தனித்தனித் திட்டம். சர்க்கரைக்கு ஒரு வரி, காலுக்கு ஒரு வரி, சிறுநீரகத்துக்கு ஒரு வரி. நேரம், தேதி, கையெழுத்து கட்டாயம். உங்கள் கடைசி வாக்கியத்தில் ஒரு கருத்து இருக்கட்டும். தப்பாக இருந்தால் திருத்துவார்கள், அப்படித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

பார்க்காத ஒன்றைக் கேட்டால் “பார்க்கவில்லை சார், இப்போதே பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். வாய்க்கு வந்த ‘120/80’-ஐச் சொல்லி, அதை ஏ.பி. நம்பி, பிபி மாத்திரை கொடுத்து, உண்மையில் 90 இருந்த மனிதர் மதியம் பாத்ரூமில் விழுந்தால், அந்த எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. மற்ற எல்லாப் பிழையையும் திருத்திக்கொள்ளலாம் தம்பி, இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போகாது.

படுக்கைப் பக்கத்தில் பேசும்போது, நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைக்காதீர்கள். ‘கேன்சர்’, ‘மலிக்னன்ஸி’, ‘புவர்’ என்பதெல்லாம் பத்து நாள் வார்டில் இருந்தவருக்கு நன்றாகவே புரியும். அவற்றை வராண்டாவில் பேசுங்கள். எச்.ஐ.வி. நிலையைக் கேஸ் ஷீட் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுவதும், பக்கத்துப் பெட்டுக்குக் கேட்கும்படி சொல்வதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்துக்கு விரோதமானது. சீஃப் நகர்ந்ததும் நீங்கள் ஒரு வினாடி பின்தங்கி, “ஐயா, புண்ணு ஆறிட்டு வருது. இன்னிக்கு ஒரு ரத்தம் எடுப்போம், ராத்திரி ஊசி கொஞ்சம் கூடும்” என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். பத்துப் பேர் சுற்றி நின்று அவரைப் பற்றியே பேசிவிட்டு அவரிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் போவது பெரிய அவமரியாதை.

ரவுண்ட்ஸுக்குப் பிறகு

ஒரு தாளில் பெட் நம்பர், வேலை, இரண்டு கட்டங்கள். சாம்பிள் அனுப்பியதும் முதல் கட்டத்தில் டிக். ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்த்து, சொல்ல வேண்டியவரிடம் சொன்ன பிறகுதான் இரண்டாவது டிக். நிறைய விபத்து முதல் டிக்கோடு வேலை முடிந்ததாக நினைப்பதால் வருகிறது. காலையில் அனுப்பிய சோடியம் 112 என்ற ஆபத்தான அளவில் வந்து மாலை வரை லேப் மேசையில் கிடக்கும். ரவுண்ட்ஸ் முடிந்த இடத்திலேயே லிஸ்ட்டைப் பி.ஜி.யிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், விட்டது அங்கேயே தெரிந்துவிடும். மருந்தில் செய்த மாற்றத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதியதோடு விடாமல் சிஸ்டரிடம் நேரில் சொல்லுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டதை உடனே செய்யுங்கள். அடுத்து லேப் மூடும் நேரத்துக்குள் போக வேண்டிய ரத்தம், பிறகு ஸ்கேன், மற்ற துறை டாக்டர்களின் கருத்து. டிஸ்சார்ஜ் கடைசியில் வரும். ஆனால் அதன் சம்மரியை முந்தின நாள் மாலையே எழுதி வைத்துவிட்டால், வெளியூர்க்காரர் கடைசி பஸ்ஸைத் தவறவிட மாட்டார். அனுப்பும் முன் வென்ஃப்ளானைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். கையில் அதோடே ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை, பிபி நோயாளியாக இருந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவாகியிருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் எங்கே பதிய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிற வழி அது. மாத்திரை தீர்ந்ததும் நிறுத்திவிட்டுத் திரும்ப அட்மிஷனாகிறவர்கள் நம் வார்டில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

மாலை நான்கு மணிக்கு முதல் கூட்டத்து ஆறு பேரை மட்டும் இன்னொரு சுற்று பாருங்கள், அரை மணி நேரம் ஆகும். சனிக்கிழமை மதியம் கிளம்பும் முன், ஞாயிறு ட்யூட்டி டாக்டருக்காக அந்த ஆறு கேஸ் ஷீட்டிலும் மூன்று வரி: இவரிடம் நான் பயப்படுவது எது, எந்த எண் எதைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், தாண்டினால் முதலில் என்ன செய்வது. திங்கள் காலை சீஃப் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், இவரை யார் பார்த்தது என்று கேட்கத் தேவையிருக்காது.